காலைத் துடை, லாலோ

பொய் சொல்வதற்கு லாலோவுக்கு ஒரு கிளி தேவைப்பட்டது. அக்கா வீட்டில் ஒன்று இருந்தது.

புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி. லாலோ வாசலில் கால் வைப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"லாலோ, காலைத் துடை."

துடைத்தான். துடைத்த பிறகுதான் அக்கா சுனில்தா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. பேசியது பெர்லா. கூண்டின் மேல் உட்கார்ந்து, பச்சை உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, வெள்ளை நெற்றியோடு அவனை முறைத்தது. பத்தொன்பது வருடமாக அதற்குத் தெரிந்தது இந்த ஒரு வாக்கியம்தான். குதிரைப் பாதைச் சேற்றோடு வீட்டுக்குள் நுழையும் தம்பியைப் பார்த்து அக்கா சொல்லிச் சொல்லி, கிளி பிடித்துக்கொண்டது. வேறு யார் வந்தாலும் வாயைத் திறக்காது. அவனைக் கண்டால் மட்டும் சொல்லும்.

"பெர்லாவுக்கு அலகு வளைஞ்சு வளந்துருச்சுக்கா. பாத்தியா?"

"எனக்கு நேராத்தான் தெரியுது."

"தினம் பறவை பாக்கிறவன் நான் சொல்றேன். நாளைக்குக் காலையில சமனாவுக்கு மாட்டு டாக்டர் வர்றார். தீட்டிக் கொண்டாந்துடறேன்."

"புனித வாரத்துல எந்த டாக்டர்டா கடை தெறக்கிறான்?"

"அவரு அட்வென்டிஸ்ட் சபைக்காரரு. அவங்களுக்குப் புனித வாரமே கிடையாது."

சுனில்தா ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கடற்கரைச் சாலையில் மாவு ரொட்டி பொரித்து விற்பவள். நாலு மொழி பேசும் சுற்றுலாக்காரர்களிடம் ஒரு மொழியும் தெரியாமல் வியாபாரம் செய்பவள். முகம் படிக்கத் தெரியும். ஆனால் நாற்பத்தாறு வயதுத் தம்பி ஒரு கிளியைத் திருடுவான் என்று எந்த அக்காவுக்குத் தோன்றும்?

"குளிர்ல வெக்காதே. சளி பிடிக்கும்" என்றாள்.

லாலோ கிளியைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அவன் முழுப் பெயர் எலாதியோ கெல்லி. எல் லிமோன் கிராமத்தில் அப்படிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லாலோதான். அருவிப் பாதை வழிகாட்டிகள் சங்கத்தில் அவனோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். பச்சைச் சட்டை, மார்பில் சங்கத்தின் முத்திரை. வெளிநாட்டுக்காரர்களைக் குதிரையில் ஏற்றி, லோமா கிளாரா குன்றைச் சுற்றி அருவிக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவருவது தொழில்.

அந்தக் குன்றுக்குத்தான் இப்போது ஆபத்து. மறுபக்கக் கடற்கரையில் ஒரு விடுதிக் கம்பெனி நிலம் வாங்கியிருந்தது. குன்றைக் குறுக்கே வெட்டிச் சாலை போட்டால் விமான நிலையத்திலிருந்து நாற்பது நிமிடம் மிச்சம். ராஜபனைகள் போகும், ஓடை போகும். குதிரையில் ஏற யார் வருவார்கள்?

தலைநகரில் ஒரு குழு இதை முடிவு செய்ய இருந்தது. குன்றில் காட்டுக்கிளி கூடு கட்டுகிறது என்று நிரூபித்தால் சாலை வராது. நிரூபிப்பதற்காக வந்திருந்தவள் டாக்டர் நெரேய்தா பிச்சார்தோ. அறுபது வயது, ஒல்லி, ஒரு பழைய தொப்பி, ஒரு நோட்டுப் புத்தகம். இலை அசைந்தால் எந்தக் குருவி என்று சொல்லிவிடுவாள்.

அவளை வரவழைத்தது லாலோவின் பேச்சுதான். சங்கக் கூட்டத்தில் எழுந்து, "கிளிங்களை நான் வாரா வாரம் பாக்கிறேன்" என்று சொன்னான். உண்மையில் அந்தக் குன்றில் அவன் கடைசியாகக் காட்டுக்கிளி பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆனால் கிளிகளைப் பற்றித் தினமும் சுற்றுலாக்காரர்களிடம் பேசிப் பேசி, அவை இன்னும் இருப்பதாக அவனுக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது. பாதையில் ஒரு திருப்பத்தில் குதிரையை நிறுத்தி, மார்பில் கை வைத்துச் சொல்வான்: "ஒரு காலத்துல இங்க கிளிக்கூட்டம் வானத்தை மறைக்கும். கெட்டவங்க சில பேரு பனையை வெட்டிக் குஞ்சைத் திருடி வித்துட்டாங்க." பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒருத்தி அவன் தோளைக்கூடத் தட்டிக்கொடுத்தாள். கெட்டவர்கள் யார் என்று யாரும் கேட்டதில்லை.

டாக்டரம்மா மூன்று நாள் குன்றைச் சல்லடை போட்டுச் சலித்தாள். மரங்கொத்தி இருந்தது. பனைக்குருவி கூட்டம் கூட்டமாக இருந்தது. கிளி இல்லை. புதன் காலைதான் கடைசி நடை.

செவ்வாய் மதியம் சங்கத் தலைவன் ஹெனாரோ லாலோவைத் தனியாக அழைத்தான். லாலோ மகனுக்கு ஞானத்தகப்பன் அவன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கொம்பாத்ரே, நெஜத்தைச் சொல்லு. நீ கடைசியா எப்பக் கிளியைப் பாத்தே?"

"போன வாரம்."

"உன் கனவுல போன வாரமா?"

"நாளைக்குக் காட்டறேன், பாரு" என்றான் லாலோ.

*

புதன்கிழமை விடிகிற வேளையில் லாலோ பட்ட ராஜபனை ஒன்றின் மேல் இருந்தான். காலில் கயிற்று வளையம், முதுகில் சாக்கு. இருபது வருடத்துக்கு முன் மறந்த வித்தை என்று நினைத்திருந்தான். கால்கள் மறக்கவில்லை. மூச்சுதான் வாங்கியது.

மரங்கொத்தி குடைந்த பொந்து, நாலு ஆள் உயரத்தில். பெர்லாவை உள்ளே விட்டான். இறக்கை வெட்டிய கிளி, பறக்காது. பொந்தின் விளிம்பில் பழுத்த கொய்யா ஒன்றைக் குச்சியால் குத்தி வைத்தான். கொய்யாவுக்காகத் தலையை வெளியே நீட்டும். தலை போதும். புது இடத்தில் கிளி வாயைத் திறக்காது, அதுவும் அவனுக்குத் தெரியும்.

இறங்கும்போது பக்கத்தில் இருந்த அடிமரத்தைப் பார்க்காமல் இறங்கினான். பாசி பிடித்த பழைய அடிமரம். கோடரி வெட்டு இன்னும் தெரியும்.

எட்டு மணிக்கு டாக்டரம்மாவை அதே பாதையில் கூட்டிவந்தான். கூடு உள்ள மரத்துக்கு அறுபது அடி தூரத்துக்குள் யாரும் போகக் கூடாது என்பது வழிகாட்டிகளின் விதி. சங்கம் உண்டானபோது அந்த விதியை எழுதச் சொன்னவனே லாலோதான். இன்று அது அவனுக்காகவே எழுதியதுபோல் உதவியது.

"அங்க பாருங்க" என்றான்.

டாக்டரம்மா தூரநோக்கியைத் தூக்கினாள். வெள்ளை நெற்றி ஒன்று பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. கொய்யாவை ஒரு கடி கடித்தது. உள்ளே போனது.

அவள் வெகு நேரம் தூரநோக்கியை இறக்கவில்லை. இறக்கியபோது கண் கலங்கியிருந்தது.

"முப்பது வருஷமா இந்தத் தீபகற்பத்துக்கு வர்றேன், லாலோ" என்று கிசுகிசுத்தாள். "இந்தப் பக்கம் அழிஞ்சுபோச்சுன்னு நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். அதைத் தப்புன்னு எழுதப்போறதை நினைச்சா எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?"

லாலோ தலையைக் குனிந்து பூட்ஸைப் பார்த்தான். அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் விடாம சொல்லலேன்னா நான் வந்திருக்கவே மாட்டேன்." அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சின்னக் கை, நல்ல பிடி.

"குதிரையைக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு லாலோ கிட்டத்தட்ட ஓடினான்.

அவன் குதிரைகளை அவிழ்த்துக் கொண்டுவரப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில் டாக்டரம்மா என்ன செய்தாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

*

மதியம் இரண்டு மணிக்கு மழை ஒரு கொட்டுக் கொட்டி ஓய்ந்தது. லாலோ தனியாகத் திரும்பி வந்தான். முழங்கால் வரைக்கும் சேறு. மரத்தில் ஏறி, கிளியைச் சாக்கில் போட்டு, இறங்கினான். மூச்சு வாங்க ஒரு கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து சாக்கைத் திறந்தான்.

பெர்லா தலையை நீட்டியது. அவனைப் பார்த்தது. அவன் காலைப் பார்த்தது.

"லாலோ, காலைத் துடை."

லாலோ சிரித்துவிட்டான். காலையிலிருந்து நெஞ்சில் கட்டியிருந்தது அந்தச் சிரிப்பில் அவிழ்ந்தது. பெர்லாவின் தலையைச் சொறிந்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். தனியாக இருப்பவன் கிளியிடம் பேசுவது குற்றமா என்ன?

"நல்லா நடிச்சேடி ராஜாத்தி. நாள் பூரா வாயத் தெறக்காம இருந்தே பாரு, அதுதான் சாமர்த்தியம். அந்தக் கிழவி அப்படியே நம்பிட்டா. கண்ணுல தண்ணி வேற. தலைநகரத்து டாக்டராம். ஒரு கொய்யாப்பழத்துக்குக் கவுந்துட்டா."

சாக்கைக் கட்டிவிட்டு எழுந்தான். அப்போதுதான் தலைக்கு நேர் மேலே, கிளையோடு கிளையாகக் கட்டியிருந்த பச்சைப் பெட்டி கண்ணில் பட்டது. சோப்புக் கட்டி அளவு. ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு.

மினுக். மினுக்.

லாலோவுக்கு அது என்னவென்று தெரியும். போன வருடம் திமிங்கலம் ஆராய வந்தவர்களிடம் பார்த்திருக்கிறான். ஒலி பதியும் பெட்டி.

நின்ற இடத்திலேயே அவன் பேசியது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. நடிச்சே. நம்பிட்டா. கிழவி.

கிளி இன்னொரு முறை சாக்குக்குள்ளிருந்து காலைத் துடைக்கச் சொன்னது. அதுவும் பதிவாகியிருக்கும்.

பெட்டியை அவிழ்த்தான். எப்படி அணைப்பது, எதை அழுத்தினால் அழியும், எதுவும் தெரியவில்லை. அருவி வரைக்கும் நடந்துபோய்க் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் கையைப் பிடித்துக் குலுக்கிய சின்னக் கையின் பிடி அதே உள்ளங்கையில்தான் இருந்தது. பொய் சொன்னவன் என்பதோடு திருடன் என்றும் ஆக அவனால் முடியவில்லை. அல்லது தைரியம் இல்லை. எது என்று அவனுக்கே தெரியாது.

பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சங்க முத்திரைக்குப் பின்னால்.

*

வியாழக்கிழமை நாலு மணிக்குச் சங்கக் கொட்டகையில் கூட்டம். ஊரே வந்திருந்தது. பெண்கள் பெரிய பாத்திரத்தில் பீன்ஸ் பாயசம் கொண்டுவந்திருந்தார்கள். தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, உலர்ந்த திராட்சை, மேலே மிதக்கும் சின்ன பிஸ்கட்டுகள். புனித வாரத்தில் அது இல்லாமல் எந்தக் கூட்டமும் கூடாது.

ஹெனாரோ எழுந்து நின்றான். மேடைப் பேச்சு வராதவன்.

"நான் ஒண்ணு சொல்லணும். செவ்வாக்கிழமை என் கொம்பாத்ரேயை நான் நம்பலை. கேலி பண்ணினேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கிறேன்." குரல் உடைந்தது. "இருபத்திரண்டு குடும்பம்யா. உன்னாலதான்."

கைதட்டினார்கள். யாரோ லாலோ கையில் கிண்ணத்தைத் திணித்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பெருமையாகச் சிரித்தாள். பெர்லா வீடு திரும்பிவிட்டது, அலகு தீட்டியதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா எழுந்தாள். முகம் வாடியிருந்தது.

"ஒரு சின்னச் சிக்கல். நான் ஒருத்தி தூரத்துலேர்ந்து பாத்ததைக் குழு ஏத்துக்காது. கண்ணால பாத்ததோட குரலும் வேணும். அதுக்காகக் கொய்யா மரத்துல ஒரு ஒலிப்பெட்டி கட்டி வெச்சேன். இன்னிக்குக் காலையில ஹெனாரோவோட போய்ப் பாத்தேன். காணோம்."

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கதவோரம் சிப்ரியான் நின்றிருந்தான். விடுதிக் கம்பெனியின் அளவைக்காரர்களுக்குக் கோவேறு கழுதை வாடகைக்கு விட்டவன். அதற்காகவே நாலு மாதமாக யாரும் அவனோடு சீட்டாடுவதில்லை.

"என்னைய ஏன் பாக்கிறீங்க?"

"வேற யாரைப் பாக்கிறது?" என்றது ஒரு குரல். "கம்பெனிக்காரன் கழுதைக்குத்தான் வாடகை குடுத்தானா, கழுதைக்காரனுக்கும் சேத்தா?"

சிலர் சிரித்தார்கள். ஹெனாரோ சிரிக்கவில்லை. போய் சிப்ரியானின் சட்டையைப் பிடித்தான். "எங்க வெச்சிருக்கே?"

"சத்தியமா நான் மலைப்பக்கமே போகலை ஹெனாரோ. என் பொண்டாட்டிகிட்டக் கேளு."

"குடு."

சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. சிப்ரியானின் மனைவி பாயசக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

லாலோ பையில் கைவிட்டான்.

"இந்தாங்க" என்றான். "கிட்டத்தான் கெடந்தது. மரத்தடியில. மழையில விழுந்திருக்கும். நேத்து எடுத்தேன். சொல்ல மறந்துட்டேன்."

பேசி முடித்த பிறகுதான், இப்போதும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. ஹெனாரோ சட்டையை விட்டான். டாக்டரம்மா பெட்டியை வாங்கிக் கம்பி ஒன்றால் ஒலிபெருக்கியோடு இணைத்தாள். விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"மழையில நனைஞ்சும் கெடலை. நல்ல வேளை" என்றாள் லாலோவைப் பார்த்து. "கேப்போமா?"

"அப்புறம் கேக்கலாமே டாக்டரம்மா. பாயசம் ஆறிடும்."

"ஆறினாத்தான் ருசி" என்றாள் சுனில்தா.

முதலில் குதிரைக் குளம்புச் சத்தம். பிறகு காற்று. டாக்டரம்மா பதிவைத் தாவித் தாவி ஓட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினாள்.

கிறீச்சென்று ஒரு குரல். தொலைவில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து நெருங்கி, தலைக்கு மேல் கடந்து, திரும்பி, மறுபடியும் நெருங்கின. இறக்கை அடிப்பதுகூடக் கேட்டது. பொந்துக்குள்ளிருந்து ஒரு குரல் மெதுவாகப் பதில் சொன்னது.

லாலோவின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது. அந்தப் பதில் குரல் பெர்லாவுடையது. மற்ற இரண்டு?

"ஜோடி" என்றாள் டாக்டரம்மா. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "பறந்துக்கிட்டே கூப்பிடுது. பொந்துல இருக்கிறது பதில் சொல்லுது. அப்ப மூணு பறவை. காட்டுப் பறவைதான், சந்தேகமே இல்லை."

கொட்டகை ஆர்ப்பரித்தது. ஹெனாரோ சிப்ரியானையே கட்டிக்கொண்டான். லாலோ அசையவில்லை. இருக்கிறதா? நிஜமாகவே அந்தக் குன்றில் ஜோடி இருக்கிறதா? அவன் கீழே குதிரையோடு அலைந்த நேரத்தில், இரண்டு காட்டுக்கிளி வந்து, பொந்தில் இருந்ததைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பதிவு இதோடு நின்றால் போதும். இந்த இடத்தோடு.

"போதும் டாக்டரம்மா. கெடைச்சிருச்சுல்ல" என்றான்.

"இன்னும் கொஞ்சம். திரும்ப வருதான்னு பாப்போம்."

மழைச் சத்தம். இலையிலிருந்து சொட்டும் சத்தம். சேற்றில் புதைந்து புதைந்து எழும் பூட்ஸ் சத்தம்.

சொல்லிவிட வேண்டும். இப்போது சொன்னால் அவன் சொன்னதாக ஆகும். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் பெட்டி சொன்னதாக ஆகும். சொல்லு, சொல்லிவிடு. அவன் எழுந்தான். "டாக்டரம்மா, நான்" என்று வாயைத் திறந்தான்.

"லாலோ, காலைத் துடை" என்றது ஒலிபெருக்கி.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அந்த ஊரில் பெர்லாவைத் தெரியாதவர்கள் யார்? சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக அடங்கியது, யார் யாருக்கு எப்போது புரிந்ததோ அந்த வரிசையில். சுனில்தா மட்டும் சிரிக்கவேயில்லை.

பிறகு லாலோவின் குரல் வந்தது. ராஜாத்தி. நடிச்சே. அந்தக் கிழவி அப்படியே நம்பிட்டா. கண்ணுல தண்ணி வேற. ஒரு கொய்யாப்பழத்துக்குக் கவுந்துட்டா.

டாக்டரம்மா நிறுத்தவில்லை. அவன் பெட்டியை அவிழ்க்கும் வரை ஓடவிட்டாள். அவன் மூச்சு வாங்குவது, பெட்டியைப் பார்த்ததும் மூச்சு நிற்பது, விரல்கள் உரசுவது, எல்லாம் கேட்டது. அப்புறம்தான் அணைத்தாள்.

லாலோவுக்குக் காது கொதித்தது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஹெனாரோவைப் பார்க்க முடியாது. அக்காவைப் பார்க்க முடியாது. கிழிந்த சட்டையோடு நிற்கும் சிப்ரியானைப் பார்க்கவே முடியாது. கீழே பார்த்தான். அவன் பூட்ஸிலிருந்து கொட்டகையின் சுத்தமான தரை முழுக்கச் சேறு.

"அந்த ரெண்டு நெஜம்" என்றான் கடைசியில். "மேல பறந்தது. அது நான் வெச்சது இல்லை. சத்தியமா."

"தெரியும், சென்யோர் கெல்லி" என்றாள் டாக்டரம்மா.

அவனை இதுவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. ஓர் அறை விட்டிருந்தால் தேவலை.

"எனக்குத் தெரியும். என் காதுக்குத் தெரியும். ஆனா குழுவுக்கு நான் என்ன எழுதறது? பொந்துல வளப்புக்கிளி, மேல பறந்தது மட்டும் காட்டுக்கிளின்னா? இந்த ஊருல எத்தனை வீட்டுல கிளி இருக்கு?"

ஆளாளுக்குக் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்கள். கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

"நான் போலீஸ் இல்லை. எத்தனை?"

"பதினாலு" என்றாள் சிப்ரியானின் மனைவி. "எங்க வீட்டையும் சேத்து."

"பதினாலு. கம்பெனி வக்கீல் ஒரே கேள்விதான் கேப்பான். அந்த ஜோடி பதினாலுல எந்த ரெண்டுன்னு. நான் பதினஞ்சு வருஷம் கழிச்சு முதல் தடவையா கேட்ட குரலை என்னால உபயோகப்படுத்த முடியாது." நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, புதன்கிழமைப் பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டாள். பேனா கிழிக்கும் சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

லாலோ சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தான். கழற்றி ஹெனாரோவிடம் நீட்டினான். வேண்டாம் என்று சொல்வான் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்தது, நீட்டிய பிறகுதான் தெரிந்தது. ஹெனாரோ வாங்கிக்கொண்டான். முத்திரை வெளியே தெரியாமல் மடித்தான்.

"கொம்பாத்ரே" என்றான் லாலோ.

"என் கைய வெச்சு அவன் சட்டையைக் கிழிக்க வெச்சுட்டியே" என்றான் ஹெனாரோ.

*

ஜூன் வரைக்கும் கூடு கட்டும் காலம். குழு கூடுவதும் ஜூனில்தான். டாக்டரம்மாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஊரில் உள்ள அத்தனை கிளிக்கும் காலில் மஞ்சள் வளையம் போடுவது, ஒவ்வொன்றின் குரலையும் பதிவது. அதன் பிறகு மே மாதம் குன்றில் வளையம் இல்லாத கிளி தெரிந்தால், அது காட்டுக்கிளி. ஏன் இந்த வேலை என்பதையும், யாரால் என்பதையும் அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னாள்.

"கிளியைப் பிடிக்க ஆள் வேணும்" என்றாள். "கடிக்காம, எலும்பு நோகாம பிடிக்கத் தெரிஞ்ச ஆள். இந்த ஊருல யாரு?"

எல்லோருக்கும் தெரியும்.

"வாங்க, சென்யோர் கெல்லி. ஒவ்வொரு வீட்டுலயும் எதுக்கு வந்திருக்கோம்னு நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

பெரிய வெள்ளியன்று எல் லிமோனில் வீட்டுக்கு வீடு பாயசக் கிண்ணம் போகும், வரும். அந்த வருடம் லாலோ வெறும் பனியனும் பழைய தொப்பியுமாக வளையப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். முதல் வீடு சிப்ரியானுடையது. அவனே அந்த வீட்டை முதலில் கேட்டுக்கொண்டான்.

"என் கிளியால வந்தோம்" என்று ஆரம்பித்தான். சரியாக வரவில்லை. "நான் பொய் சொன்னேன். டாக்டரம்மாகிட்ட. அதனால உங்க கிளிக்கு வளையம் போட வேண்டியிருக்கு. சட்டைக்கும்."

"சட்டைக்கும் வளையமா?" என்றான் சிப்ரியான்.

அவன் மனைவி ஒரு கிண்ணம் நிறையப் பாயசம் கொண்டுவந்து லாலோ முன்னால் வைத்தாள். பெரிய வெள்ளியில் வாசலுக்கு வந்தவனுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்ததை மறுக்கவும் முடியாது. அவள் எதிரில் நின்று பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு கரண்டியாக, கடைசி பிஸ்கட் வரைக்கும் சாப்பிட்டு முடித்தான். அதற்குமுன் அவ்வளவு பெரிய கிண்ணத்தை அவன் பார்த்ததில்லை.

பதின்மூன்று வீடு. பதின்மூன்று தடவை சொன்னான். பழகும் என்று நினைத்தான், பழகவில்லை. சில வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள்.

கடைசியாக அக்கா வீடு. தரை துடைத்து ஈரமாக இருந்தது.

"லாலோ, காலைத் துடை" என்றது பெர்லா.

துடைத்தான். டாக்டரம்மாவும் துடைத்தாள்.

சுனில்தா வரவேற்கவும் இல்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. அவன் பெர்லாவைக் கையில் எடுத்தான். ஒரு விரல் கழுத்துக்குப் பின்னால், இரண்டு விரல் இறக்கை மேல். கிளி கண்ணை மூடிக்கொண்டது. டாக்டரம்மா வளையத்தை மாட்டினாள்.

"எவ்வளவு பழகிய கை" என்றாள். பாராட்டு இல்லை அது.

"அட்வென்டிஸ்ட் டாக்டர்கிட்டக் கத்துக்கிட்டானாம்" என்றாள் சுனில்தா. பிறகு தம்பியை நேராகப் பார்த்தாள். "இதை சான்செஸ் ஊர்ச் சந்தையில வாங்கினேன்னு சொன்னியே. என் பொறந்த நாளுக்கு. அதுவாவது நெஜமா?"

லாலோ கிளியை விடவில்லை. அதன் இதயம் விரல் நுனியில் துடித்தது.

"இல்லைக்கா."

"அப்ப?"

"மலையிலேர்ந்து. லோமா கிளாரா. முந்தாநாள் இதை வெச்ச பனைக்குப் பக்கத்துல ஒரு அடிமரம் இருக்கு. அந்தப் பனையை நான்தான் வெட்டினேன். ஏறப் பயந்துக்கிட்டு இல்லை. வெட்டினா சீக்கிரம். ரெண்டு குஞ்சு விழுந்து செத்துப்போச்சு. இது ஒண்ணுதான் பொழச்சுது. அதுக்கப்புறம் அங்க நான் கிளியே பாக்கலை."

சுனில்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடம் கையால் ஊட்டி வளர்த்த கிளியை, யாரோ என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். புதுப் பக்கம்.

"எந்த வருஷம்? எந்த மாசம்?"

சொன்னான்.

"குஞ்சு மூணு. நிச்சயமா?"

"நிச்சயம். நான் எண்ணினேன்."

எழுதினாள். பேனா நிற்கவில்லை. "இது ஒண்ணுதான் நான் வந்த ஆறு நாள்ல கெடைச்ச உண்மையான கூடு" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "வேற எத்தனை மரம்?"

சுற்றுலாக்காரர்களிடம் அவன் சொல்லும் கதையில் அதற்கு எண்ணிக்கை கிடையாது. ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது.

"பதிமூணு" என்றான்.

"ஒவ்வொண்ணா சொல்லுங்க. எங்க, எப்போ."

லாலோ கிளியைக் கூண்டின் மேல் விட்டான். அது மஞ்சள் வளையத்தை ஒரு தடவை கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அவன் தரையில் உட்கார்ந்தான். பார்வை அக்காவின் பாதத்தைத் தாண்டி மேலே ஏறவில்லை.

"முதல் மரம்" என்று ஆரம்பித்தான், "ஓடை திரும்பற எடத்துல. அப்ப எனக்குப் பதினேழு வயசு."